வரிகளுக்கு நடுவே நான் விற்ற இடம்

சங்கரா,

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். போனில் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்த என் பிளாக்கைத் திறந்து, எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். ஏன் என்று கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும். நடுவில் என் மேல் கோபம் வந்தால் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு, திரும்ப வந்து மிச்சத்தைப் படி.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ வீடியோவில் கூப்பிட்டாய். பெங்களூர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாய். நீயும் உன் சினேகிதனும் சேர்ந்து ஒரு தொழில் ஆரம்பிக்கப் போகிறீர்கள். தமிழில் சின்னச் சின்னதாகப் பிளாக் எழுதுகிறவர்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, அந்தப் பக்கங்களில் இருக்கிற இடத்தை விளம்பரக்காரர்களுக்கு விற்றுக் கொடுக்கப் போகிறீர்கள் என்றாய். பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுகிற ஒரு பெண், மாடித்தோட்டம் போடுகிற ஒருவர், பஸ் நேரங்களை எழுதி வைக்கிற ஓய்வு பெற்ற கண்டக்டர் என்று வரிசையாகச் சொன்னாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அப்புறம்தான் கேட்டாய், என் பழைய பிளாக்கையும் தரச் சொல்லி. நான் யோசித்ததைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். எந்த விளம்பரம் எங்க வரணும்னு மெஷினே பாத்துக்கிடும். நாம பாக்கக்கூட வேண்டாம்" என்றாய்.

எனக்கு அலுப்பு வரக் கூடாது என்றுதான் அதைச் சொன்னாய். நான் "பாப்போம்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா போன துக்கத்தில் நான் எழுதுவதை விட்டுவிட்டேன் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் அத்தைமாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் திருத்தவில்லை. அப்பா போனது ஆவணியில். நான் எழுதுவதை நிறுத்தியது அதற்கு முந்தின வைகாசியில். அந்த மூன்று மாத வித்தியாசத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதில் நான் ஒளிந்துகொண்டேன்.

அந்த பிளாக் எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உன் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து ஊசி போடும் நிலைக்குப் போனபோது, நான் தினமும் என்ன சமைத்தேன், அவர் எவ்வளவு சாப்பிட்டார், ரெண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை எவ்வளவு காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் டைப் அடித்த கை, நோட்டில் எழுதச் சோம்பல் பட்டது. காலேஜ் லீவில் வந்த நீதான் பிளாக் ஆரம்பித்துக் கொடுத்து, 'அளவாகச் சாப்பிடுவோம்' என்று பேரும் வைத்தாய். அரிசியைக் குறைத்துக் காயைக் கூட்டிப் போட்ட கூட்டாஞ்சோறு, தேங்காய்ப்பாலை மட்டாக விட்ட சொதி, கல்யாண வீட்டுக்குப் போகும்போது இலையில் எதை ஒதுக்கலாம் என்று எழுதிக்கொண்டே போனேன். "ஊர்ல எல்லாத்துக்கும் என் சுகரு தெரிஞ்சு போச்சு" என்று அப்பா சலித்துக்கொள்வார். ஆனால் ஒரு நாள் எழுதாவிட்டால் அவரே வந்து கேட்பார்.

படித்தவர்கள் சில நூறு பேர்தான். கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, முக்கூடல், பம்பாயில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள். ஆனால் அவர்கள் படித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. செய்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறவர்கள். எனக்கு அக்கா என்று பேர். முதலில் விளம்பரம் கொடுத்தது டவுனில் ஒரு பாத்திரக் கடை அண்ணாச்சி. அவருடைய இட்லிக் கொப்பரையை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வாரம் அவித்துப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தின் ஓரத்தில் அவர் கடைப் படத்தைப் போட்டேன். அப்புறம் ஒரு கண்ணாடிக் கடை. அங்கேயும் போய், என் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்த பிறகுதான் போட்டேன். இப்படியே இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

அடுத்து வந்தவர் ஒரு பொடிக்காரர். கார் வைத்துக்கொண்டு வந்தார். கையில் பழக்கூடை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் அவருடைய கால் வலியைப் பற்றி விசாரித்தார். சர்க்கரையை வேரோடு எடுத்துவிடுகிற மூலிகைப் பொடி என்று ரெண்டு பாக்கெட்டை வைத்தார். என் பிளாக்கில் இடம் வேண்டும், ஆனால் ஓரத்தில் வேண்டாம் என்றார். "ஓரத்துல போட்டா விளம்பரம்னு தெரிஞ்சிரும்மா. நீங்க எழுதுறதுக்கு நடுவுல வந்தா, நீங்களே சொல்லுதாப்ல இருக்கும்." இதை என் முகத்துக்கு நேரே சொன்னார், சங்கரா. ஒளித்துச் சொல்லவில்லை. நானும் புரியாமல் சம்மதிக்கவில்லை.

காசுக்கு ஆசைப்பட்டேன் என்று சொன்னால்கூட எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். அது மட்டும் இல்லை. "உங்களைப் படிக்கிறவங்க உங்களை நம்புறாங்கம்மா, அந்த நம்பிக்கை பெரிய பத்திரிகைக்குக்கூடக் கிடையாது" என்றார். முப்பது வருடம் யாரோ எழுதினதை டைப் அடித்தவளிடம் ஒரு ஆள் கார் வைத்துக்கொண்டு வந்து அப்படிச் சொன்னால் மயக்கம் வரும். எனக்கு வந்தது.

அவர் போன பிறகு அப்பா கேட்டார், "இத எனக்குக் குடுப்பியா?" மாட்டேன் என்றேன். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எப்படிக் கொடுப்பது என்றேன். "அப்பம் எதுக்குப் போடுத?" என்று கேட்டார். போடுகிறது விளம்பரம்தானே, நான் யாரையும் சாப்பிடச் சொல்லவில்லையே என்று சொன்னேன். பாக்கெட்டுகளைப் பிரிக்காமல் பரண் மேல் வைத்தேன்.

மாசியில் முக்கூடலிலிருந்து பேச்சியம்மாள் கூப்பிட்டாள். அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. பிளாக்கில் அடிக்கடி கேள்வி கேட்கிறவள் என்று மட்டும் தெரியும். அவள் வீட்டுக்காரர் முருகேசன் மினி பஸ் ஓட்டினார். ரெண்டு வேளை ஊசி. வண்டியோடு அலைகிறவருக்கு நேரத்துக்கு ஊசி போட முடியவில்லை என்று புலம்பினாள். அப்புறம், "எக்கா, உங்க பக்கத்துல ஒரு பொடி போட்டிருக்கே, நல்லதாக்கா?" என்று கேட்டாள்.

நான் அடுப்பில் தாளித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. நான் சொன்னது, "நெறைய பேரு வாங்குதாங்கன்னு சொன்னாவ. பாத்துக்கிடுங்க." கடுகு தீய்ந்துவிடும் என்று போனை வைத்துவிட்டேன்.

அதன்பின் ரெண்டு மாதத்துக்குமேல் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. எனக்கும் நினைப்பில்லை. வைகாசியில் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். முதலில் பாதி ஊசியும் பாதி பொடியுமாக ஓட்டிக்கொண்டு, கடைசி மூன்று வாரம் ஊசியை அடியோடு விட்டுவிட்டார்களாம். காலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினவர் அப்படியே விழுந்துவிட்டார். நினைவில்லை. அவள் குரலில் கோபமே இல்லை. அந்தப் பொடியில் என்னென்ன இருக்கிறது என்று டாக்டர் கேட்கிறார், அக்காவுக்குத் தெரியுமா என்றாள்.

பரணிலிருந்து பாக்கெட்டை எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். 'அரிய மூலிகைகள்' என்று மட்டும் இருந்தது. வேறு ஒரு சொல் கிடையாது. ரெண்டு பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போனேன். உன் அப்பாவிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். அவருக்கு நான் என்ன வேணும்?

பேச்சியம்மாள் வராந்தாவில் சுவரோரமாக நின்றாள். மெலிந்த உடம்பு, முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. என் போட்டோவை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். கிட்டே வந்து பைய கேட்டாள், "ஐயாவுக்குக் குடுத்தியளாக்கா?"

"இல்ல பேச்சி" என்றேன். "ஒரு நாளும் குடுக்கல."

அவள் என்னை ஏசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எங்க வீட்டுல அவுக வேண்டாம்னுதான் சொன்னாவ. நாந்தான், அந்த அக்கா அவுக வீட்டுக்காரருக்குக் குடுக்காமலா போடுவாவன்னு சொன்னேன்."

முருகேசன் பிழைத்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டிரைவர் வேலை போயிற்று. ஒரு மாதம் கழித்து முக்கூடலுக்குப் போய்ப் பார்த்தேன். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, நான் எழுதின கேப்பை அடையைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார். அந்தக் காப்பியை நான் குடித்து முடித்தது எனக்கே ஆச்சரியம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே பொடிக்காரரைக் கூப்பிட்டு விளம்பரத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னேன். அவர் பதறவில்லை. "அவரு வேற எதையாவது சாப்பிட்டிருப்பாரும்மா" என்றார். நான் மொத்தப் பிளாக்கையும் மூடினேன். இதுதான் என்னுடைய இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. படித்த சில நூறு பேருக்கு, அந்தப் பொடியை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் நிறுத்துங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சந்தடி இல்லாமல் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டேன். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ஆவணியில் நெஞ்சு வலி வந்து போகும்வரைக்கும், அந்தப் பொடி விளம்பரத்தை ஏன் எடுத்தாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கவில்லையோ என்னவோ.

நீ ஏழாம் வகுப்பு படிக்கையில் பிரேக் சரியில்லாத உன் சைக்கிளைச் சினேகிதனுக்குக் கொடுத்தாய். பிரேக் பிடிக்காது என்று உனக்குத் தெரியும், சொல்லாமல் கொடுத்துவிட்டாய். அவன் குறுக்குத்துறை இறக்கத்தில் விழுந்து கை ஒடிந்தான். யாருக்கும் உன் மேல் சந்தேகம் இல்லை. நீ மறுநாள் சாப்பிடாமல் கிடந்தாய். சாயங்காலம் நீயாகவே எழுந்து அவன் வீட்டுக்குப் போய், அவன் அப்பா முன்னால் நின்று, எனக்கு முன்னாடியே தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தாய். அவர் உன்னை அறைந்தார். கன்னம் சிவந்து வந்து சோறு கேட்டாய். பன்னிரண்டு வயதில் நீ செய்ததைச் செய்ய எனக்கு அறுபத்துமூன்று வயது ஆகியிருக்கிறது. அதுவும் நானாகச் செய்யவில்லை. போன வியாழக்கிழமை என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டது.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். பாபநாசத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். வாட்ஸப்பில் ஒரு படம் வந்ததாகவும், அதில் என் பேரும் போன் நம்பரும் என் எழுத்தும் இருப்பதாகவும் சொன்னார். படத்தை அனுப்பச் சொன்னேன். என் பழைய பக்கத்தை அப்படியே படம் பிடித்திருந்தார்கள். மேலே என் கூட்டாஞ்சோறு. நடுவில் அந்தப் பொடி. கீழே உன் அப்பாவின் சர்க்கரை அளவு, குறைந்துவிட்டது என்று நான் சந்தோஷமாக எழுதின வரி. ஓரத்தில் இருந்த விளம்பரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். பார்க்கிற யாருக்கும், அந்தப் பொடியால்தான் குறைந்தது என்று தோன்றும். நான் பூட்டிப் போட்ட பிறகும் அது நான்கு வருடமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, சங்கரா. எனக்குத் தெரியாமல், என் பேரைச் சொல்லிக்கொண்டு.

பொடியை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் அவர் கூப்பிட்டார். அவர் மனைவிக்குப் பத்து நாளாகக் கொடுக்கிறார்களாம். ஊசியை நிறுத்தியாயிற்றாம். நிறுத்துங்கள், இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "நீங்கதானம்மா எழுதியிருக்கிய" என்றார். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, நான் வேறு யாரோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் மனைவி இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன். காலையிலிருந்து தண்ணீர் தண்ணீர் என்று குடித்துவிட்டுத் தூங்குகிறாள் என்றார்.

விலாசம் வாங்கிக்கொண்டு, அப்பாவின் பழைய சர்க்கரை பார்க்கிற மெஷினுக்குப் புது ஊசியும் ரத்தச் சொட்டு வைக்கிற பட்டையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த ஒன்றரை மணி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதே. வீரவநல்லூரில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். போய்ச் சேரும்போது அவள் செத்திருந்தால் என்ன செய்வது என்று நினைத்தேன். அந்த நினைப்பில் அவளுக்காகப் பயந்ததைவிட எனக்காகப் பயந்ததுதான் அதிகம். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த அம்மாள் கட்டிலில் கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். மூச்சு ஆழமாக, வேகமாக இருந்தது. விரலில் குத்தி மெஷினில் வைத்தேன். எண் வரவில்லை. மெஷினால் அளக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது என்பதற்கு வருகிற இரண்டு எழுத்துதான் வந்தது. அந்த மனிதருக்கு அதைக் காட்டினேன். அப்போதுதான் அவர் நம்பினார். ஆம்புலன்ஸில் அம்பாசமுத்திரம் போனோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, பிழைச்சுக்கிடுவாங்க, நாளைக்குக் கூட்டி வந்திருந்தா சொல்லியிருக்க முடியாது என்றார். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் காப்பாற்றினேனாம். கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றைக்குக் காலை அந்த அம்மாள் கஞ்சி குடித்ததாகச் சொன்னார். அந்தப் படத்தை யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். சொந்தக்காரர் ஒருவர், அவருக்கு வேறு யாரோ.

இப்போது உன் தொழிலுக்கு வருகிறேன். அதை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. சின்னதாக எழுதுகிறவர்களுக்கும் நாலு விளம்பரம் கிடைக்கட்டும் என்று நீ நினைப்பதில் தப்பே கிடையாது. அந்தக் கண்டக்டருக்கு ஒரு சந்தோஷம் கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நீ விற்கப் போவது எது என்று ஒருதரம் நினைத்துப் பார். பக்கத்தில் இருக்கிற வெற்று இடத்துக்கு யாரும் காசு கொடுக்கப் போவதில்லை. பேச்சியம்மாள் அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாளே, அந்த அக்கா குடுக்காமலா போடுவாவ என்று, அதைத்தான் அந்தப் பொடிக்காரர் என்னிடம் வாங்கினார். நான் ஒரே ஒரு விளம்பரம் தப்பாகப் போட்டேன், அதுவும் என் கண்ணால் பார்த்து, கையால் போட்டேன். அதுக்கே இவ்வளவு. நீ ஆயிரம் விளம்பரத்தை யாரும் பார்க்காமலே போடப் போகிறேன் என்கிறாய். பிள்ளை வளர்ப்பு எழுதுகிற அந்தப் பெண்ணின் வரிகளுக்கு நடுவில் நாளைக்கு எது வந்து உட்காரும்? அது அவளுக்கே தெரியாது, உனக்கும் தெரியாது என்றால், ஒரு தாய் கூப்பிட்டு நல்லதா என்று கேட்கையில் யார் பதில் சொல்வது?

மெஷின் போடட்டும். போடுவதற்கு முன்னால் ஒரு ஆள் பார்க்கட்டும். அந்த ஆள் முதல் வருடம் நீயாக இரு. எழுதுகிறவர்கள் ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடு. விளம்பரம் என்றால் விளம்பரம் என்று தெரிகிற இடத்தில் போடு, நடுவில் போட யார் எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதே. உடம்புக்கு, மருந்துக்கு என்று வருகிற எதையும் தொடாதே. இதனால் தொழில் நடக்காது என்றால், நடக்க வேண்டாம். உனக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அது என்னிடமிருந்து வந்தது. அதனால்தான் எனக்கு இத்தனை பயம்.

என் பிளாக்கை உனக்குத் தர மாட்டேன். இதில் இனி ஒரு விளம்பரமும் வராது. இந்தக் கடிதத்துக்கு மேலே அந்தப் பொடி பாக்கெட்டின் படத்தையும், அதை ஏன் தொடக் கூடாது என்பதையும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். யாருக்கெல்லாம் அந்தப் பொய்ப் படம் போனதோ, அவர்களுக்கெல்லாம் இதுவும் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் பேச்சியம்மாளிடம் கேட்டேன், உங்கள் கதையைச் சொல்லலாமா என்று. பேரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவள், "மாத்தாதிய. அவுக பேரையும் போடுங்கக்கா. பேரு இல்லாட்டி கதைன்னுட்டுப் போயிருவாவ" என்றாள். அதனால் பேரோடு எழுதியிருக்கிறேன்.

அடியில் என் போன் நம்பர் இருக்கிறது. அந்தப் பொடியை என் பேரைப் பார்த்து வாங்கினவர்கள் யாராக இருந்தாலும் கூப்பிடுங்கள் என்று போட்டிருக்கிறேன். எத்தனை பேர் வாங்கினார்கள், அதில் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எனக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. இனிமேல்தான் ஒவ்வொருவராகச் சொல்லுவார்கள். ரொம்பப் பயமாக இருக்கிறது, சங்கரா. ஆனாலும் போனை எடுப்பேன்.

அம்மா
பாளையங்கோட்டை